மாடிக்குக் குடிபோன அப்பா

எங்கள் வீட்டு மாடிக்கு முதன்முதலாக வாடகைக்கு வந்தவர் எங்கள் அப்பாதான். அப்போது நான் மூன்றாம் வகுப்பில் இருந்தேன்.

அப்பா மஸ்கட்டில் ஒரு கிடங்கில் வேலை பார்த்தார். நாகர்கோவிலை விட்டுச் சற்றுத் தள்ளியிருந்த எங்கள் வீட்டின் மேல், லீவில் வரும்போதெல்லாம் கொஞ்சம் கட்டுவார். ஒரு லீவில் தூண், அடுத்த லீவில் சுவர், அதற்கடுத்த லீவில் கூரை. கையிலிருக்கும் பணம் தீர்ந்ததும் கொத்தனாரை அனுப்பிவிட்டு விமானம் ஏறிவிடுவார். இடைப்பட்ட காலத்தில் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளில் அம்மா கொடி கட்டித் துணி காயப்போடுவாள்.

அம்மாவின் அண்ணனான மாமாவுக்கு இந்த வேகம் பொறுக்கவில்லை. அவர் பாங்குக் கடனில் கொட்டாரம் பக்கம் வரிசையாக வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தார். வரும்போதெல்லாம் அப்பாவுக்குப் பாடம் நடத்துவார்.

"கடன எடுத்து ஒரே அடியாக் கெட்டிப் போடணும் மச்சான். வாற வாடகையே கடன அடச்சிரும்."

"ஆள் வராத மாசம் யாரு அடைப்பா?" என்று அப்பா கேட்டார்.

மாமா நேந்திரங்காய் சிப்ஸ் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த சமயத்தில் அப்பா வந்தார். வந்த கையோடு மாடி வேலையை முடித்தார். இரண்டு அறை, ஓர் அடுக்களை, குளியலறை, வெளியே தனிப் படிக்கட்டு. பெயின்ட் காய்வதற்குள் தரகர் ஓர் ஆளைக் கூட்டிவந்தார். அப்பா அவர்களுக்குத் தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார். எங்கே ஒழுகும், எங்கே அடைக்கும் என்று தெரியாமல் ஒருவரைக் குடிவைத்தால் இரண்டாம் மாதமே காலி செய்துவிடுவார், அப்புறம் வீடு பூட்டித்தான் கிடக்கும் என்பது அவர் கணக்கு. அதனால் முதலில் தானே ஒரு மாதம் குடியிருந்து பார்க்கப்போவதாகச் சொன்னார்.

அம்மா சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அப்பம் வாடகைக்காரங்க மாதிரித்தான் இருக்கணும். நடுவுல சோத்துக்குக் கீழ எறங்கி வரப்படாது. அட்வான்ஸ் தாங்க."

அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். அம்மா அதை பீரோவில் வைத்துப் பூட்டினாள். தம்பி சின்னவன், அவன் அம்மாவோடு கீழே. நான் பாயும் புத்தகப் பையுமாக அப்பாவோடு மாடியேறினேன்.

இரண்டாம் நாளே சண்டை தொடங்கிவிட்டது. அப்பா தலை முழுக்க சோப்புப் போட்டு நிற்கும்போது தண்ணீர் நின்றுபோனது. மோட்டார் சுவிட்ச் கீழே இருந்தது. குளியலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து அவர் கொடுத்த சேதியை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"மோட்டாரு காலத்த ஒருக்கா, வைகிட்டு ஒருக்காதான். அதுதான் வீட்டுக்காரிக்க சட்டம்னு மேல உள்ள சாருட்ட சொல்லு" என்றாள் அம்மா.

காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறைதான் மோட்டார் என்று நான் மேலே போய்ச் சொன்னேன். இப்படிப்பட்ட வீட்டுக்குப் புத்தியுள்ள எவனும் வரமாட்டான் என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அதையும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அன்றிலிருந்து எனக்கு ஓய்வில்லை. மேலே மீன் கழுவினால் அந்தத் தண்ணீர் கீழே அம்மா துணி துவைக்கும் கல்லில் வந்து விழுந்தது. அதற்கு ஒரு நடை. சாரல் நேராக முன்வாசல் வழியாக வந்து எங்கள் பாயை நனைத்தது. அதற்கு ஒரு நடை. சட்டை மாட்ட அப்பா ஆணி அடிக்கப் போனார். முதல் அடி விழுந்ததுமே, சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்று கீழேயிருந்து சத்தம் வந்தது.

"நான் கெட்டின சுவத்துல..." என்று தொடங்கியவர், தான் யார் என்பது நினைவுக்கு வந்து சுத்தியலைக் கீழே வைத்தார்.

பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் எங்கே என்று டீச்சர் கேட்டார். அம்மா சொந்த வீட்டில் இருக்கிறாள், நானும் அப்பாவும் வாடகை வீட்டில் இருக்கிறோம், நோட்டு அம்மா வீட்டில் மாட்டிக்கொண்டது என்று உண்மையைச் சொன்னேன். டீச்சர் என் தலையைத் தடவி, பரவாயில்லை என்றார். எனக்கு அது பிடித்திருந்ததால் அடுத்த நாளும் வீட்டுப்பாடம் செய்யவில்லை.

டீச்சரும் எங்கள் சபைதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது பெண்கள் ஒவ்வொருவராக வந்து அம்மாவின் கையைப் பிடித்துத் தட்டிக்கொடுத்தார்கள். சாயங்காலம் போதகரே வந்துவிட்டார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மனம்விட்டுப் பேசும்படி அம்மாவிடம் சொன்னார்.

"ஆளு நல்ல ஆளுதான் ஐயா. மீன் கழுவுன தண்ணியத்தான் எனக்க தலையில விடுகாரு" என்றாள் அம்மா.

போதகர் பெருமூச்சு விட்டு மாடியேறினார். குடும்பம் என்றால் ஒருவரையொருவர் பொறுத்துப் போகவேண்டும் என்று அப்பாவிடம் தொடங்கினார்.

"நான் பொறுத்துத்தான் ஐயா போறேன். சுவிட்ச் அவ கையில இருக்கு. சோப்புப் போட்ட பெறவு நான் என்ன செய்ய?"

போதகருக்கு இது வேதாகமத்தில் படித்த எதனோடும் பொருந்தவில்லை. அம்மாவையும் மேலே வரச்சொல்லி, இரண்டு பேரும் கைகோத்து நிற்கச் சொன்னார். இன்றே சேர்ந்து கீழே போய்விடுங்கள் என்றார்.

"மாசம் முடியட்டும் ஐயா" என்றாள் அம்மா. "நடுவுல எறங்கினா அட்வான்ஸ் கெடையாதுன்னு பேச்சு."

விஷயத்தை அப்பா விளக்கியதும் போதகர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு எழுந்து குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். தன் வீட்டிலும் சாரல் அப்படித்தான் உள்ளே வருகிறது என்றார். ஜெபிக்கும்போது, இந்த வாசலுக்கு நல்ல சன்ஷேடு அமையவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

சன்ஷேடு அமைந்தது. மாடிக்குத் தனி மோட்டார் சுவிட்ச் வந்தது. கோட்டாறிலிருந்து குழாய் வாங்கிவந்து அடுக்களைத் தண்ணீரைத் தென்னைக்குத் திருப்பினார்கள். மாதக் கடைசியில் அம்மா, வீட்டுக்காரியாக, பார்வையிட வந்தாள். சுவரில் ஆணித் துளை தேடினாள். அது முடிந்ததும் அப்பாவையும் கூப்பிட்டு அடுக்களையில் இருவரும் ஒருசேரத் திரும்ப முடிகிறதா என்று பார்த்தாள். உள்ளறையில் நான்கு தலையணைகளை வரிசையாகப் போட்டு, சுவர்வரை எவ்வளவு இடம் மிஞ்சுகிறது என்று பார்த்தாள். பிறகு கடிகாரத்தை அப்பா கையில் தானே கட்டிவிட்டாள். இவ்வளவு கறாரான வீட்டுக்காரியை யாரும் பார்த்திருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் ஒரு லாரி வந்தது. நர்ஸ் வேலை பார்க்கும் ஓர் அக்காவும் அவர் கணவரும் வயதான பெற்றோரும் இறங்கினார்கள். கட்டிலைக் கீழ்வீட்டு வாசலுக்குத் தூக்கிப்போனார்கள். வாடகை வீடு மேலே என்று நான் ஓடிப்போய் வழிமறித்தேன்.

"ஏட்டி, வழிய விடு. அவங்களுக்குக் கீழதான். நாமதான் மேல" என்றாள் அம்மா.

எனக்குத் தலைகால் புரியவில்லை. புதுப் பெயின்ட், புது சன்ஷேடு, புது சுவிட்ச் எல்லாம் எங்களுக்கே. பழைய வீட்டை யாரோ ஏமாந்து எடுத்துக்கொண்டார்கள். நான் ஜன்னலோரத்து இடம் எனக்கு என்று கத்திக்கொண்டே படியேறினேன். அன்று மாமாவும் வந்து எங்கள் பீரோவை மேலே தூக்கினார். கடனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்பா வேலை பார்த்த கிடங்கை மூடிவிட்டார்கள் என்பதும், திரும்பிப் போகத் தேவையில்லாமல்தான் அவர் அந்த முறை வந்தார் என்பதும், மாடி வாடகை எங்களுக்குப் போதாது, பெரிய கீழ்வீட்டு வாடகை வந்தால் வேறு வேலை கிடைக்கும்வரை கடன் வாங்காமல் ஓட்டிவிடலாம் என்று இருவரும் முன்பே பேசி வைத்திருந்தார்கள் என்பதும் நான் கல்லூரி முடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அந்த ஒரு மாதம் அவர்கள் சோதித்துப் பார்த்தது வேறு யாருக்காகவும் அல்ல.

அன்றைக்கு நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான். பக்கத்து வீட்டு மாமா லீவு முடிந்து துபாய்க்குப் போய்விட்டாரே, அப்பாவின் லீவு இன்னும் முடியவில்லையா என்று கேட்டேன்.

அப்பா பாயை உதறிப் போட்டபடி, "இந்தத் தடவ பெரிய லீவு மக்கா" என்றார்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் அதைச் சொன்னேன். எங்கள் வகுப்பில் கல்ஃபில் அப்பா உள்ள பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களில் யாருடைய அப்பாவுக்கும் அவ்வளவு பெரிய லீவு கிடைத்ததில்லை.