கரிமூட்டத்துக்குக் காவல்

சங்கரன்கோவிலைத் தாண்டி, திருவேங்கடம் சாலையில் டயர் பஞ்சராகிப் பேருந்து நிற்கிறது. காடழிப்பும் கார்பன் புகையும் பற்றி ஒரு கல்லூரியில் பேசப் போய்க்கொண்டிருக்கிறேன். இறங்கிப் பார்த்தால், கரிசல் காட்டில், விறகை அடுக்கி மண் பூசிக் கரியாக்கும் கரிமூட்டம் ஒன்று புகைகிறது. பக்கத்தில் அதற்குக் காவலாக வேலுச்சாமி என்பவர் தனியாக உட்கார்ந்திருக்கிறார். எடுத்துவந்த பேச்சை அவரிடம் ஒத்திகை பார்க்கிறேன்.

"இது காடில்ல அண்ணாச்சி, உடைமரம், சீமைக்கருவேலம். நீங்க பேசி முடிக்கதுக்குள்ள திரும்ப மொளைச்சிரும்" என்கிறார். அவருடைய சிரிப்பு பாதியில் நிற்கிறது. "பக்கத்து ஊர்ல அக்கா மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் நான் மாலை போடணும். இத விட்டுட்டு எப்படிப் போக? வெடிப்புல காத்து புகுந்தா அம்புட்டும் சாம்பலாயிரும்."

"நான் பார்த்துக்கொள்கிறேன், போங்கள்."

நம்பாமல் பார்க்கிறார். பிறகு வாளிச் சேற்றைக் காட்டுகிறார். "வெடிச்சா ஒடனே அப்புங்க. மாலையப் போட்டுட்டு ஓடி வந்துருதேன்." சைக்கிள் பறக்கிறது.

மூட்டத்தில் ஒரு வெடிப்பு விட்டுப் புகை கசிகிறது; சேற்றை அள்ளி அப்புகிறேன். புகையைத் தடுப்பது பற்றிப் பேசியே பிழைத்தவன், முதன்முறையாகக் கையால் தடுக்கிறேன். சட்டையெல்லாம் சேறு.

"சார், வாரீயளா இல்லியா?" கண்டக்டர் கத்துகிறார். வரவில்லை என்று கையசைக்கிறேன். பேருந்து போய்விடுகிறது.

கல்லூரிக்குப் போன் செய்து, வர முடியாது என்கிறேன்.

"பரவால்ல சார்."

அவர்கள் அதை இவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்க வேண்டாம். மூட்டத்தின் மறுபக்கம் வெடிக்கிறது. வாளியோடு ஓடுகிறேன்.