முடியோடு போகாதது

அயர்லாந்தில் எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஐந்து முகங்கள் வரைந்த ஒரு தாள் தொங்குகிறது. மகளின் பள்ளிக்கூடம் கொடுத்தது. காலையில் எழுந்ததும் அவரவர் பெயர் எழுதிய காந்தத்தை, அழுகையோ சிரிப்போ, அன்றைய மனதுக்கேற்ற முகத்தில் வைக்க வேண்டுமாம். பல் தேய்ப்பதற்கு முன்பே மனசைக் காட்டச் சொல்கிற ஊர்! ஊரில் இதைப் படிக்கிறவர்கள் சிரிப்பீர்கள். என் காந்தம் முதல் நாளிலிருந்து சிரிப்பில்தான் கிடக்கிறது. மாற்றி வைக்க யாருக்கு நேரம்?

பத்து வயது மகள் யாழினி தன் முடியைத் தானே பிடுங்கிக்கொள்கிறாள் என்பது, போன வருஷம் தலையணைக்கடியில் கொத்துக் கொத்தாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஏன் என்று கேட்கவில்லை. திருப்பதிக்குப் பக்கத்து நகரி ஆளுக்கு எதற்கும் ஒரே மருந்துதான். லீவில் போய்த் திருமலையில் அவளுக்கு மொட்டை போட்டேன். கத்தி ஓடும்போது என் கையை இறுக்கிக்கொண்டாள். கூட வந்த என் அப்பா, நைனா, "சாமிக்குக் குட்த்தாச்சி. இனிமே அத்தப் பத்திப் பேசக்கூடாது" என்றார்.

என் அம்மா செத்து வருஷம் திரும்பியதும், சாப்பிடாமல் அழுதுகொண்டேயிருந்த எனக்கும் அங்கேதான் மொட்டை, அதே வார்த்தைதான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அதன் பிறகு நைனாவும் நானும் அம்மா பேச்சை எடுத்ததே இல்லை. அதைத் தைரியம் என்று நம்பி வளர்ந்தேன்.

இங்கே திரும்பியதும் பள்ளியின் கவுன்சிலர் கூப்பிட்டு, யார் எடுத்த முடிவு இது என்று கேட்டார். என் வேண்டுதல் என்றேன். அந்த அம்மாள் நிஜமாகவே புரியாமல், "அப்படியானால் உங்கள் முடியை அல்லவா கொடுத்திருக்க வேண்டும்?" என்றார். எங்கள் வழக்கம் உங்களுக்குப் புரியாது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. மொட்டைத் தலையோடு வேலைக்குப் போனால் ஆளாளுக்குக் கேட்பார்களே என்றுதான் நான் கொடுக்கவில்லை. அந்தக் கேள்விகளையெல்லாம் பத்து வயதுப் பிள்ளையிடம் தள்ளிவிட்டிருக்கிறேன்.

முடி வளர்ந்துவிட்டது. இப்போது புருவத்தைப் பிடுங்குகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை நைனா போன் பண்ணினார். "பாப்பா எப்டிக்கீது?"

"நல்லாக்கீது நைனா. எல்லாம் சரியாப் பூட்ச்சி."

யாழினி கேட்டுக்கொண்டேதான் இருந்தாள். எழுந்துபோய் என் காந்தத்தைச் சிரிப்பிலிருந்து எடுத்து அழுகிற முகத்தில் வைத்தாள். பக்கத்திலேயே தன்னுடையதையும் வைத்தாள். போனில் நைனா, "பாத்தியா, சாமி கைவுடல" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார். "ஆமா நைனா" என்றேன். காந்தத்தைத் திருப்பி வைக்க எனக்குக் கை வரவில்லை.