ஐம்பதில் நின்ற நாடி

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து போனபின் வீட்டில் ஒரே சண்டை. விசுவமடுவில் இருக்கும் எங்கள் கச்சான் தோட்டத்துக்குக் கடலை கிண்டப் பன்றி வரும், யானையும் வரும். காவல் கொட்டிலில் படுக்கப் போவேன் என்று அப்பா. போகவே கூடாது என்று அம்மா. நடுவில் நான் புகுந்தேன். மின்சாரம் கடத்தும் நூல்களைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த நேரம். படித்ததைச் செய்து பார்க்காவிட்டால் எனக்கு இருப்புக் கொள்ளாது.

வெள்ளி பூசிய நூலால் அப்பாவின் பெனியனில், மார்புக்கு நேரே, இரண்டு பட்டைகள் தைத்தேன். நெருப்புப்பெட்டி அளவான கருவி ஒன்றை விளிம்பில் பொருத்தினேன். அது இதயத் துடிப்பைக் கொட்டிலில் வைத்த பெட்டிக்கு அனுப்பும். பெட்டி என் போனுக்கு அனுப்பும்.

"இதைப் போட்டுக்கொண்டு படுக்கிறதெண்டால் போங்கோ" என்று அம்மா இறங்கி வந்தார்.

முதல் இரவு எண்கள் துள்ளின. எண்பத்திரண்டு, எழுபத்தேழு, தொண்ணூற்றொன்று. அடுத்த இரண்டு இரவும் ஐம்பது. எப்போது பார்த்தாலும் ஐம்பது. நித்திரையில் துடிப்பு இறங்கும் என்று அம்மாவுக்கு விளக்கம் சொன்னேன். "மருந்து வேலை செய்யுது போல" என்றவர், பல நாளுக்குப் பிறகு விடியும்வரை தூங்கினார்.

நான்காம் நாள் பொழுதுபடும் நேரம் அப்பா போன் எடுத்தார்.

"பிள்ளை, சந்தியில நிக்கிறன். இரவைக்குச் சாப்பிடப் பாண் வாங்கிக்கொண்டு வரட்டோ?"

"பெனியனைப் போட்டிருக்கிறியளோ?"

"ஓம், ஓம். போட்டுக்கொண்டுதான் நிக்கிறன்."

போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தேன். ஐம்பது. பெட்டிக்குக் கொட்டிலைச் சுற்றிச் கொஞ்சத் தூரம்தான் எட்டும். சந்தியோ இரண்டு கட்டை தூரம் தள்ளி. அப்படியென்றால் தோட்டத்தில் துடிப்பது யாருடைய நெஞ்சு?

அம்மாவிடம் சொல்லாமல் சைக்கிளை எடுத்தேன். தோட்டத்தில் வெளிச்சம் கரைந்துகொண்டிருந்தது. யானைக்குப் போட்ட மின்கம்பி வேலியோரம், அப்பாவின் பெனியனோடு, கைகளை விரித்தபடி ஒரு உருவம் நின்றது.

"ஆர் அது?"

திரையில் ஐம்பது. கிட்டப் போனேன். வைக்கோல் தலை, தடிக் கைகள். பன்றியை வெருட்ட நட்ட வெருளி.

சிரித்திருக்க வேண்டும். ஆனால் அது துடித்துக்கொண்டிருந்ததே! பிறகுதான் கொட்டிலுக்குள் இருந்து கம்பிக்கு விட்டுவிட்டு மின்சாரம் அனுப்பும் யானை வேலி மெஷினின் சத்தம் காதில் ஏறியது. டிக். டிக். ஒவ்வொரு டிக்குக்கும் திரையில் ஓர் அலை எழும்பியது. கம்பியில் ஓடும் மின்சாரத்தை என் நூல் பக்கத்தில் நின்று பிடித்திருக்கிறது. காரணம் விளங்கியும் அந்த மார்பைத் தொடக் கை வரவில்லை. தொட்டபோது, திரையில் அலை இன்னும் உயரமாக எழுந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

பின்னால் மோட்டார் சைக்கிள் நின்றது.

"என்ன, அவரோட கதைச்சுக்கொண்டு நிக்கிறாய்?" காவலுக்கு வந்த அப்பா, கையில் பாணோடு.

"ஏனப்பா இதுக்குப் போட்டுவிட்டனீங்கள்?"

"மனிச வேர்வை மணந்தால்தான் பண்டி கிட்ட வராது. தோய்ச்ச உடுப்பு சரிவராது. அதோட, உன்ர நூல் கடிக்குதடி பிள்ளை."

"எப்ப இருந்து?"

"முந்தநாள்."

இரண்டு இரவுகள் நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டியது வெருளியின் நாடியை.

"கொம்மாட்டச் சொல்லிப்போடாதை. மனுசி இப்பதான் நித்திரை கொள்ளுறா."

அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தேன். எண்ண முடியவில்லை. ஓடியது, நின்றது, மூன்றாய் நான்காய் முட்டிக்கொண்டு திரும்ப ஓடியது.

"எவ்வளவு?" என்றார் அப்பா. இம்முறை குரலில் பகிடி இல்லை.

மற்றக் கையால் அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"அப்பாக்கு எவ்வளவு காட்டுது, பிள்ளை?" என்றுதான் அம்மா தொடங்கினார்.

"அது பிழை அம்மா. ரெண்டு நாளாப் பிழை. ஓட்டோவுக்குச் சொல்லுங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்."

அப்பா பாணை மடியில் வைத்துக்கொண்டு வரம்பில் மெல்ல உட்கார்ந்தார்.