உவரிக்கு வந்த ஃபெலோஷிப்

தொண்ணூறுகளின் நடுவில் நான் திருநெல்வேலியில் ஒரு தமிழ் நாளிதழில் நிருபராக இருந்தேன். வண்ணார்பேட்டையில் அலுவலகம். அங்கே நிருபர் வேலை பார்த்த ஒரே பெண் நான்தான். அதனால் எனக்கு வந்து சேர்ந்த செய்திகளும் ஒரே தினுசாக இருந்தன. கோலப்போட்டி, பள்ளி ஆண்டுவிழா, மாதர் சங்கக் கூட்டம், கோயில் கொடைவிழா. கொலை, தேர்தல், கலெக்டர் பேட்டியெல்லாம் ஆண்களுக்கு.

உவரி என்ற கடலோர ஊருக்கு முதன்முதலில் போனதும் ஒரு திருவிழாச் செய்திக்காகத்தான். மாதா கோயில் கொடியேற்றத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு, திசையன்விளை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் ஒரு அக்கா இடுப்பில் மீன் நிறைந்த ஓலைக் கடகத்தோடு படியில் கால் வைத்தாள். கண்டக்டர் அவள் தோளில் கை வைத்து வெளியே தள்ளினார்.

"நாத்தம் தாங்க முடியல. எறங்கு, எறங்கு."

கடகம் சாய்ந்து சாளை மீன் மண்ணில் கொட்டியது. பஸ்ஸுக்குள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இவள் கொண்டுபோகும் மீனைத்தான் அவர்கள் வீட்டில் அன்றைக்குக் குழம்பு வைத்திருப்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பஸ் நகர்வதற்குள் இறங்கிவிட்டேன்.

குனிந்து மீனைப் பொறுக்கினேன். அந்த அக்கா என்னை விநோதமாகப் பார்த்தாள்.

"நீ ஏம்மா எறங்குன? உனக்கு அடுத்த பஸ்ஸு சாயந்தரம்தான்."

"இப்படித்தான் எப்பவும் செய்யுதாங்களா?"

"டிரைவர் நல்லவரா இருந்தா ஏத்துவாரு. இல்லைன்னா நடைதான். தேரி வழியா நடந்து போய்ச் சேருததுக்குள்ள மீனு கண்ணு செவந்துரும். பெறவு எவன் வாங்குவான்?"

அன்று அவளோடு நடந்தேன். தேரியின் செம்மணல் காலைச் சுட்டது. அவளோ தலையில் சுமையோடு என்னைவிட வேகமாக நடந்தாள். கணவன் கட்டுமரத்தில் போய்க் கொண்டுவருவதை விற்றுக் காசாக்குவது அவள் பொறுப்பு. அந்த ஊரில் பல வீடுகளில் அப்படித்தான். பஸ் ஏற்றாவிட்டால் அன்றைக்கு அந்த வீடுகளில் அடுப்பு எரிவது சந்தேகம். சின்ன விஷயம் மாதிரி இருக்கும், சின்ன விஷயம் இல்லை.

பிறகு லீவு நாட்களிலெல்லாம் உவரிக்குப் போனேன். பெண்களோடு கடற்கரையில் நின்றேன், சந்தையில் உட்கார்ந்தேன், பஸ்ஸில் ஏறினேன், இறக்கிவிடப்பட்டேன். நீளமாக ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தேன். உதவி ஆசிரியர் அதை வெட்டி, உள்பக்கத்தின் அடியில், 'மீன் விற்கும் பெண்கள் அவதி' என்று ஒரு பெட்டிச் செய்தியாக்கினார். கேட்டதற்கு, "எம்மா, இதெல்லாம் யாரு படிப்பா?" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஆங்கிலப் பத்திரிகையில் அந்த அறிவிப்பைப் பார்த்தேன். ஏழை நாடுகளின் மேம்பாட்டைப் பற்றி எழுதும் பத்திரிகையாளர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும் மேல்நாட்டு அறக்கட்டளை ஒன்று ஃபெலோஷிப் தருகிறது. தேர்ந்தெடுத்த பொருளில் மாதக்கணக்காக ஊர் ஊராகப் போய் எழுதலாம். கிராமப்புறத்தில் வேலை செய்பவர்களுக்கு முன்னுரிமை என்று வேறு போட்டிருந்தார்கள். இது எனக்காகவே வந்தது என்று நினைத்தேன். பாளையங்கோட்டைக் கல்லூரியில் ஆங்கிலம் நடத்திய தோழி ஒருத்தி உதவ, உவரிப் பெண்களையும் பஸ்ஸையும் பற்றி விரிவாக எழுதி அனுப்பினேன். சென்னைக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். அப்பா, "பத்திரமாப் போயிட்டு வா" என்று சொல்லி ஜங்ஷனில் ரயிலேற்றிவிட்டார். அவருக்கும் பெருமைதான்.

ஏசி அறையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வெள்ளைக்காரர், டெல்லியிலிருந்து வந்த ஒரு அம்மாள், ஒரு தமிழர். அவர் எங்கள் தாமிரபரணிக் கரைக்காரர் என்று அவருடைய ஆங்கிலத்தின் ஒரு சுழிப்பிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் தைரியம் வந்தது. உவரியைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தேன். வேகம் வந்ததும் வார்த்தை தட்டியது. பாதி வாக்கியத்தில் தமிழுக்குத் தாவினேன். அவரைப் பார்த்துத்தான் பேசினேன். அவர் மொழிபெயர்த்து மற்ற இருவருக்கும் சொல்வார் என்று நினைத்தேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு நிமிர்ந்து ஆங்கிலத்தில் கேட்டார், "இதற்கு உங்களுடைய கோட்பாட்டுச் சட்டகம் என்ன?"

எனக்குக் கேள்வியே புரியவில்லை. "அவங்களைப் பஸ்ஸுல ஏத்த மாட்டேங்காங்க, சார். அதுதான்" என்றேன்.

டெல்லி அம்மாள் சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை, குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. அதுதான் இன்னும் மோசம். "உங்கள் ஆர்வம் பாராட்டத்தக்கது. ஆனால் எங்கள் வாசகர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள்" என்றார். எனக்கு ஃபெலோஷிப் கிடைக்கவில்லை.

போகட்டும் என்று விட்டிருப்பேன். என் ஆங்கிலம் தேறாதுதான். ஆனால் மழைக்காலம் முடிந்த சமயம் அலுவலகத்துக்கு ஒரு போன் வந்தது. டெல்லிப் பத்திரிகையாளர் ஒருத்தி. அந்த அறக்கட்டளையின் ஃபெலோஷிப் அவளுக்குக் கிடைத்திருக்கிறதாம். தலைப்பு, தென் தமிழகக் கடற்கரையில் மீன் விற்கும் பெண்களும் பொதுப் போக்குவரத்தும். உள்ளூரில் உதவிக்கு என் பெயரைத் தேர்வுக் குழுவே கொடுத்ததாம். மொழிபெயர்க்க வருவீர்களா?

யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்தேன். என் எழுத்தை வாங்கி வைத்துக்கொண்டு, என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இன்னொருத்திக்குக் கொடுத்து, அவளுக்கு வழிகாட்ட என்னையே கூப்பிடுகிறார்கள். இதைத் திருட்டு என்று சொல்ல எனக்கு இன்றும் தயக்கமில்லை.

போகக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் போகாவிட்டால் உவரிப் பெண்கள் சொல்வதை யாராவது வாய்க்கு வந்தபடி மொழிபெயர்த்துவிடுவார்கள் என்று பட்டது. போனேன்.

அந்த டெல்லிப் பெண் என்னைவிட இளையவள். நல்ல பெண்தான். வெயிலில் முகம் சிவந்து, கொடுத்த தண்ணீரையெல்லாம் குடித்துக்கொண்டு, எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டாள். பஸ் நிறுத்தத்தில் அதே அக்கா கடகத்தோடு நின்றாள். பஸ் வந்தது. அன்றைக்குக் கண்டக்டர் வேறு ஆள். "பைய ஏறுங்க, பின்னாடி வைங்க" என்று அவரே கடகத்துக்குக் கை கொடுத்தார். அக்கா சிரித்துக்கொண்டே ஏறினாள்.

டெல்லிப் பெண் கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தாள். என் காதில் சொன்னாள், "இறங்கச் சொல்லுங்கள். வழக்கமாக எப்படித் தள்ளுவார்களோ அப்படி ஒருமுறை செய்யச் சொல்லுங்கள். படம் வேண்டும்."

"அதை நான் கேட்க மாட்டேன்."

"நடக்காததையா கேட்கிறேன்? தினமும் நடப்பதைத்தானே."

பஸ்ஸுக்குள்ளிருந்து அக்கா கேட்டாள், "என்னம்மா சொல்லுதா அந்தப் பொண்ணு?"

சொன்னேன். மறைக்கவில்லை. அக்காவின் சிரிப்பு போய்விட்டது.

"தள்ளாத அன்னைக்கும் தள்ளணுமாக்கும்?" என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பஸ் போய்விட்டது.

மண்ணில் நின்றபடி அந்தப் பெண்ணிடம் எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். நேர்முகம், என் விண்ணப்பம், அவளுடைய தலைப்பு. அன்றைக்கு வார்த்தை தட்டவில்லை. அவள் கேமராவை மூடினாள். "குழு கண்டறிந்த ஒரு இடைவெளி என்று சொல்லித்தான் இந்தத் தலைப்பைத் தந்தார்கள். எனக்குத் தெரியாது, சத்தியமாகத் தெரியாது" என்றாள். கண் கலங்கியது. என் பெயரையும் சேர்த்துப் போடுவதாகச் சொன்னாள். நம்பினேன்.

அந்த ஆய்வை வெளியிடும் கூட்டம் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு ஹோட்டலில் நடந்தது. பேராசிரியர்கள், தொண்டு நிறுவனத்தார், போக்குவரத்துக் கழக அதிகாரி ஒருவர் என்று வந்திருந்தார்கள். உவரிப் பெண்களையும் வேனில் கூட்டி வந்து கடைசி வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அந்த அக்காவும் வந்திருந்தாள். என்னை நேர்முகம் கண்ட தமிழர்தான் தலைமை. வாசலில் ஆளுக்கொரு பளபளப்பான புத்தகம் கொடுத்தார்கள். புரட்டினேன். கடைசிப் பக்கத்தில், 'உள்ளூர் மொழிபெயர்ப்பாளருக்கு நன்றி' என்று ஒரு வரி. பெயர்கூட இல்லை.

பேச்சு முழுக்க ஆங்கிலம். கடைசி வரிசையில் நான் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் என் முழங்கையை இடித்தாள்.

"என்ன சொல்லுதாவ?"

"உங்களைப் பத்தித்தான்."

"எங்களைப் பத்தியா? எங்களுக்குப் புரியாமலா?"

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்தேன். தலைவர் ஆங்கிலத்தில், "கேள்விகள் இறுதியில்" என்றார்.

"கேள்வி இல்லை சார்" என்று தமிழில் சொன்னேன். "இந்தப் புத்தகம் என் விண்ணப்பத்துல இருந்து வந்தது. அதை உங்க கையில வச்சுக்கிட்டுத்தான் என்னைக் கேள்வி கேட்டீங்க. எனக்கு இங்கிலீஷ் வராதுன்னு அனுப்புனீங்க, சரி. இவங்களுக்கும் வராது. இவங்களை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க? படத்துக்கா?"

தலைவர் முகம் கறுத்தது. முதல்முறையாகத் தமிழில் பேசினார். நம்ம ஊர்த் தமிழ்தான். "உணர்ச்சிவசப்படாதீங்க. ஒரு பொருளைப் பத்தி யாரு வேணும்னாலும் ஆய்வு செய்யலாம். அதுக்கு யாரும் பட்டா போட முடியாது."

"அப்போ என் பேரைப் போடுததுல உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

மேடையில் இருந்த டெல்லிப் பெண்ணுக்குத் தமிழ் புரியாவிட்டாலும் விஷயம் புரிந்தது. மைக்கைப் பிடித்து, "அவர் சொல்வது உண்மை. நான் அவர் பெயரை எழுதித்தான் கொடுத்தேன்" என்றாள். சொல்லிவிட்டு மேடையிலிருந்து இறங்கி முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு அந்த அளவுக்கு நேர்மை இருந்தது. ஆனால் புத்தகம் அச்சாகிவிட்டது.

நான் உட்கார்ந்தேன். ஜெயித்துவிட்டதாகக்கூடத் தோன்றியது. அப்போதுதான் அக்கா என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் கோபம் இருந்தது. என் மேலும்தான்.

"உன் பேரு, அவ பேருன்னு பேசுதீய. சரி, பேசுங்க. எங்க பஸ்ஸு என்னாச்சு?"

எனக்குச் சுருக்கென்றது. அவள் கேட்டது நியாயம். என் கோபமும் நியாயம்தான். ஆனால் அந்த ஹாலில் இரண்டுக்கும் சேர்ந்து இடமில்லாமல் செய்தது யார்? எங்கள் இரண்டு பேரையும் கடைசி வரிசையில் உட்கார வைத்தவர்கள்தான். மறுபடி எழுந்து, அவள் கேள்வியைப் போக்குவரத்து அதிகாரியிடம் அப்படியே கேட்டேன். அவர் புத்தகத்தை விசிறியாக ஆட்டிக்கொண்டு, "பரிசீலனை பண்ணுவோம்" என்றார்.

மறுநாள் எல்லாவற்றையும் எழுதினேன். பஸ், அதிகாரியின் பதில், ஹோட்டல் கூட்டம், என் விண்ணப்பம் உட்பட. உதவி ஆசிரியர் படித்தார். என் கட்டுரையை வெட்டிய அதே மனுஷர், "பெரிய இடத்துச் சண்டை. இதை எல்லாரும் படிப்பாங்கம்மா" என்று முதல் பக்கத்தில் போட்டார். பெண்கள் நடந்தபோது செய்தியாகாதது, அதிகாரி ஹோட்டலில் மழுப்பியதும் செய்தியானது. அதிலும் எனக்கு ஆத்திரம்தான். ஆனால் போடச் சொன்னேன்.

சில வாரங்களில் டெப்போவிலிருந்து உத்தரவு வந்தது. பின்பக்கத்தில் மீன் கடகம் வைக்க இடம் தரவேண்டும். கொஞ்ச காலம் ஒழுங்காக நடந்தது. பிறகு வழக்கம்போல சில கண்டக்டர்கள் முகம் சுளித்தார்கள், சிலர் ஏற்றினார்கள். பெண்களும் விட்டுவிடவில்லை. ஏற்றாத பஸ்ஸின் முன்னால் கடகத்தை வைத்து நின்றார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் போன நாட்களில் அதை நேரில் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை.

அடுத்த வருடம் அந்தத் தமிழரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. கள ஒருங்கிணைப்பாளர் என்று ஒரு பிரிவு புதிதாகத் தொடங்குகிறார்களாம், நான் அதற்கு விண்ணப்பிக்கலாமாம். மற்றவர்கள் எழுதுவதற்கு ஊரைச் சுற்றிக் காட்டும் வேலைக்குத்தான் அந்தப் பெயர். கிழித்துப் போடப் போனேன். பிறகு உட்கார்ந்து பதில் எழுதினேன். உங்கள் ஃபெலோஷிப்பைத் தமிழில் எழுதுபவர்களுக்கு எந்த வருடம் திறப்பீர்கள் என்று கேட்டிருந்தேன்.

பதில் வரவில்லை. நான் உவரிக்குப் போய்வருவதை நிறுத்தவும் இல்லை.