கை பிரேக் போட்டிருந்தேன் என்றேன்

நான் பொய் சொன்னேன். ஒரே ஒரு சொல்தான்... அதனால் ஒரு மனிதரின் வேலை போயிற்று, பெயர் போயிற்று. இரண்டு வருடங்களாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் என்னை அறியாதவர் என்பதால்தான் உங்களிடமாவது சொல்ல முடிகிறது.

என் வீடு கறம்பக்குடியில். புதுக்கோட்டையில் ஓர் அலுவலகத்தில் வேலை. கணவர் கத்தாரில் இருக்கிறார். விடுமுறையில் வந்தபோது ஒரு பழைய காரை வாங்கி வாசலில் நிறுத்தியவர், “நான் வர்ற வரைக்கும் அதத் தொடாத. ஒனக்கு அதெல்லாம் சரிப்பட்டு வராது” என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நாற்பத்திரண்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன், லைசென்ஸும் வாங்கினேன். அதைப் படம் எடுத்து அனுப்பியபோது அவர் அசந்து போனார். அந்த வெற்றியை நான் எவ்வளவு பெரிதாக நினைத்தேன் தெரியுமா!

ஐப்பசி மழையில் ஒருநாள், சென்னையில் படிக்கும் மகளுக்கு டெங்கு என்று தகவல் வந்தது. அலுவலகத்திலிருந்து காரிலேயே புதுக்கோட்டை ரயில் நிலையத்துக்குப் போனேன். காரை வெளியிடத்தில் இரவு முழுக்க விட்டுச் செல்வது அதுதான் முதல் தடவை.

எங்கள் மெக்கானிக் ஒருமுறை சொல்லியிருந்தார்: “மழ நேரத்துல ராத்திரி பூரா நிக்கிற வண்டிக்குக் கை பிரேக் போடாதீங்கக்கா, புடிச்சுக்கிரும், அப்பறம் வண்டி நகராது. கியர்ல போட்டு நிறுத்துங்க.” வண்டி பத்திரமாக இருக்க வேண்டுமே என்ற பதற்றத்தில் இதில் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்திருந்தேன். கை பிரேக்கைப் போடவில்லை. கண்ணாடிகளை ஏற்றினேன், கதவுகளை மூன்று முறை இழுத்துப் பார்த்தேன், குடையைக்கூட இருக்கைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். கியரில் போட மறந்தேன்!

ரயில் நிலைய வாசலில் நான் காரை விட்ட ஸ்டாண்டில் வண்டிகளைப் பார்த்துக்கொண்டவர் செல்லையா. ஐம்பதைத் தாண்டியவர். சென்னைக்குப் போகிறவர்கள் சாவியை அவரிடமே கொடுத்துவிட்டுப் போவார்கள். இடநெருக்கடியில் மற்ற வண்டிகளுக்கு வழிவிட அவர்தான் நகர்த்தி வைப்பார். என் சாவியையும் வாங்கி ஆணியில் மாட்டினார். “கவலப்படாமப் போங்கம்மா. புள்ளயப் பாருங்க. வண்டிய நான் பாத்துக்கிறேன்” என்றார்.

மறுநாள் காலை சென்னை மருத்துவமனையில் மகளின் அருகில் இருந்தபோது, ஸ்டாண்டைக் குத்தகைக்கு எடுத்தவர் போனில் கூப்பிட்டார். பின்னால் வந்த ஒரு ஜீப் என் காரை லேசாக இடித்திருக்கிறது. கார் முன்னால் இருந்த சரிவில் இறங்கி உருண்டு, ரயிலிலிருந்து இறங்கி வந்த கூட்டத்தை நோக்கிப் போயிருக்கிறது. செல்லையா ஓடி வந்து தோள் கொடுத்துத் தடுத்திருக்கிறார். கார் அவரைச் சுவரோடு வைத்து அழுத்தியதில் வலது முழங்கால் நொறுங்கிவிட்டது.

“நீங்க கை பிரேக் போட்டிருந்தீங்களா?” என்று கேட்டார் குத்தகைக்காரர்.

அந்த நொடியில் என் மனத்தில் என்ன ஓடியது? நொறுங்கிய காலா? இல்லை... என் கணவரின் முகம்! ‘நான் அப்பவே சொன்னேன்ல’ என்று சொல்லப்போகும் முகம்!

“போட்டிருந்தேன்” என்றேன்.

“அப்ப செல்லையாதான் சாவிய எடுத்து நகட்டியிருக்காரு. நகட்டிட்டு பிரேக் போடாம விட்டுட்டாரு.”

“இருக்கலாம்” என்றேன். இருக்கலாமாம்! எவ்வளவு எளிதாக வந்தது அந்தச் சொல்!

சாவியைத் தொடவே இல்லை என்று செல்லையா சத்தியம் செய்தாராம். யாரும் நம்பவில்லை. ஆசைப்பட்டு வண்டியை எடுத்து ஒரு சுற்று ஓட்டிப் பார்த்திருப்பார் என்றுகூடச் சிலர் பேசினார்கள். மகளுக்குக் காய்ச்சல் தணிந்து நான் திரும்பியபோது வேறொருவர் என் சாவியை எடுத்துக் கொடுத்தார். செல்லையா பெரியாஸ்பத்திரியில் இருப்பதாகவும், இனி அவருக்கு இங்கே வேலை இல்லை என்றும் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. போனேனா? இல்லை. மிகக் கவனமாக ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

“நீ சரியாத்தான் நிறுத்தியிருக்க” என்று கணவர் பாராட்டினார். அந்தப் பாராட்டை வாங்கி வைத்துக்கொண்டேன்.

எத்தனை முறை போய்ச் சொல்லிவிட நினைத்தேன்... ஒவ்வொரு முறையும் ஒரு சாக்கு கிடைத்தது. கடைசியில் போன மாதம், திருக்கோகர்ணத்துக்கு அப்பால் இருக்கும் அவர் வீட்டைத் தேடிப் போனேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கால் மடங்காமல் நீண்டு கிடந்தது. என்னைக் கண்டதும் எழ முயன்றார். மனைவி ஓடி வந்து பிடித்துக்கொண்டார்.

நான் வாய் திறப்பதற்குள் அவரே பேசினார். “நீங்க வருவீங்கன்னு நெனைக்கவே இல்லம்மா. மொதல்ல, வண்டியத் தொடலன்னு சத்தியம் பண்ணேன். ஆனா ஒரு நாளைக்கு இருவது வண்டிய இங்கிட்டும் அங்கிட்டும் நகட்டுறவன்... எல்லாரும் சொல்றாங்க. யோசிச்சு யோசிச்சுப் பாத்தா, எடுத்த மாதிரித்தான் எனக்கே தோணுது. நம்பிக் குடுத்துட்டுப் போனீங்க. என்னய மன்னிச்சிருங்கம்மா.”

கைகூப்பினார்.

அப்போது சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும்... அதற்காகத்தானே போனேன்! அவர் மனைவி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“பரவாயில்லண்ணே, விடுங்க” என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு தேநீர் வைக்க உள்ளே போனார். அதையும் குடித்தேன். செய்யாத தப்புக்காக அவரை மன்னித்துவிட்டு வந்தேன்.