கோபால்ட் ஓயும் வரை

2009 நவம்பர் 10, செவ்வாய். ஐந்தே காலுக்கு எழுந்தேன். குழாயில் தண்ணீர் வரவில்லை. விருதுநகரில் ஏழு நாற்பது பேருந்தைப் பிடித்து, எட்டரைக்கு சிவகாசி அச்சகத்தில் உட்கார்ந்தேன். அங்கே எனக்குப் பிழை திருத்தும் வேலை. அடுத்த வருடக் காலண்டர்கள் தயாராகும் மாதம். ஜனவரித் தாளை இரண்டு முறை சரிபார்த்து, மதியம் அச்சுக்குப் பிளேட் போடுகிறவரிடம் கொடுத்தேன். சற்று நேரத்தில் அவர் தாளோடு திரும்பி வந்தார்.

"என்னக்கா, இருபதாந்தேதியச் சுத்தி வட்டம் போட்டிருக்கீக? கவருமெண்டு லீவா? செவப்புல போட்டுரவா?"

எப்போது போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. பென்சில் கோடு.

"லீவு இல்லப்பா. அன்னைக்கு உங்க அண்ணன் ஊரோட வந்துருவாக."

"நம்ம வெடிக் கம்பெனிக்கே தீவாளியோட சீசன் முடிஞ்சிருது. அண்ணனுக்கு மட்டும் மூணு வருசமா ஓடுதே, அது என்ன சீசன்க்கா?"

என் கணவர் வளைகுடாவில், எரிவாயுவிலிருந்து டீசல் செய்யும் ஆலையில் வினையூக்கிப் பிரிவில் இருந்தார். அவர் எனக்கு விளக்கியதையே இவருக்கும் சொன்னேன். மிளகு அளவு அலுமினா உருண்டைகள். அவற்றின் நுண்துளைகளில் கோபால்ட் துகள்கள் தள்ளித் தள்ளி ஒட்டியிருக்கும். வாயு அவற்றின் மேல் பட்டுப் போகும்போது எண்ணெயாகும், மெழுகாகும். நாளாவட்டத்தில் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியாகும், மேலே கரி படியும், வேலை குறையும். பிறகு, வருகிற ஜனவரியில், கலனிலிருந்து உருண்டைகளின் மொத்த லோடையும் இறக்கிவிடுவார்கள். அதோடு அவருடைய ஒப்பந்தமும் முடியும்.

"அப்ப அதுக சேந்தாத்தான் நீங்க சேருவீக!" என்று சிரித்தார். "வட்டத்த அழிச்சுக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"நாளைக்குக் காலைல தாரேன். இன்னைக்கு இருந்துட்டுப் போகட்டும்."

மூன்று வருடத்தில், விடுப்பில் வந்து அவர் வீட்டில் இருந்தது நாற்பத்தொரு நாள். கோபால்ட் சீக்கிரம் ஓய வேண்டும் என்று நினைத்த ஆள் நான் ஒருத்திதான்.

மாலை ஏழு பத்துக்கு அவருடைய போன் வந்தது. குரலில் அவ்வளவு உற்சாகம்.

"இந்தா, கேளு. கரிய மெதுவா எரிச்செடுத்து, ஹைட்ரஜன் விட்டுப் பாத்தோம். கட்டியெல்லாம் பிரிஞ்சு, புதுசு கணக்கா வேல செய்யுது! எல்லாரும் எங் கையப் பிடிச்சுக் குலுக்குறாங்க."

"நல்லதுங்க. அப்ப லோடு?"

"இறக்கல. இன்னும் ரெண்டு வருசம் தாங்கும்."

மூன்று வருடம் அவர் பாடுபட்டது இதற்குத்தான். அது கெட்டே போயிருக்கக் கூடாதா என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

"சாப்பிட்டீகளா?" என்று கேட்டேன்.

அன்று ரசத்தைச் சுடவைக்காமலே சாப்பிட்டுப் படுத்தேன்.

நவம்பர் 11, புதன். அச்சகத்துக்குப் போனதும் முதல் வேலையாக ஜனவரித் தாளை எடுத்து, ரப்பரால் வட்டத்தை அழித்தேன். அழுத்திப் போட்டிருப்பேன் போல, தடம் போகவில்லை. ஓரத்தில் "20, புதன்: வேலை நாள், கறுப்பு" என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.