டிரங்க் போர்டும் ஒரு கை கடலையும்

எழுபதுகளின் கடைசியில் மதுரையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். டிரங்க் போர்டு முன்னால் உட்கார்ந்து, காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, டிரங்க் கால் பதிவு செய்தவர்களுக்கு வெளியூர் லைன் போட்டுக் கொடுக்கிற வேலை. வயது இருபத்திரண்டு. உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாத வேலை என்பதால் சாயங்கால இடைவேளை வந்தால் கேன்டீனுக்கு ஓடுவோம். போண்டா, வெள்ளையப்பம், அதற்கு மேல் ஒரு டம்ளர் பருத்திப்பால். சேர்ந்த புதிதில் தைத்த ரவிக்கைகளை ஒரே வருஷத்தில் பிரித்துத் தைக்க வேண்டி வந்தது.

எனக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவள் முனிச்சாலைப் பக்கத்துச் சௌராஷ்டிரா வீட்டுப் பெண். என் வயதுதான். அவர்கள் வீட்டில் தறி இருந்தது. இனிப்பில்லாமல் அவளுடைய டிபன் டப்பா வந்ததே கிடையாது. அதில் பாதி எனக்கு.

ஒரு கோடையில் அவளுக்குத் தாகம் அடங்கவே இல்லை. பானைத் தண்ணீரைச் செம்பு செம்பாகக் குடித்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே அசந்து போவாள். வெயில்தான் காரணம் என்று நினைத்தோம். கடைசியில் அவளை ஒரு லேடி டாக்டரிடம் நான்தான் கூட்டிப் போனேன். டாக்டர், சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்றார். இந்த வயதிலா என்று கேட்டதற்கு, வயதெல்லாம் பார்த்து வராது என்றார். மாத்திரை இப்போது வேண்டாம், இனிப்பையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் விட்டுவிட்டு நடக்கச் சொன்னார். சாயங்காலம் பசித்தால் ஒரு கை கடலை. அதற்கு மேல் கூடாது.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ள நீலமாக ஒரு மருந்து கொடுத்தார்கள். சோதனைக் குழாயில் அதை ஊற்றி, சிறுநீரைச் சில சொட்டு விட்டுச் சூடாக்க வேண்டும். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று போகப் போக மோசம். அவளுக்குப் பச்சை.

மறுநாள் கேன்டீனுக்கு அவள் வரவில்லை. வறுத்த கடலைப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு போர்டு முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள். அவளை விட்டுவிட்டுப் போண்டா தின்ன எனக்கு மனசு வரவில்லை. நானும் உட்கார்ந்தேன். இடைவேளை முடிந்து லைன் போடும்போதும் கொறித்துக்கொண்டுதான் இருந்தோம். அவளுடைய அம்மாவுக்கு மட்டும் கடலை பித்தம் என்று ஒரே கவலை.

அடுத்த வாரமே வினை வந்தது. சென்னைக்கு லைன் கேட்ட ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் சூப்பர்வைசரிடம் புகார் சொன்னார். லைனில் எலி எதையோ கடிக்கிற மாதிரி சத்தம் கேட்கிறதாம். சூப்பர்வைசர் அம்மாள் சிரித்து நாங்கள் பார்த்ததில்லை. எங்கள் நாற்காலிக்கடியில் கிடந்த கடலைத் தோலைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் ஏதோ சமாளிக்கப் பார்த்தேன். அதற்குள் அவள் எழுந்து, “எனக்குச் சுகர் இருக்கு மேடம். கேன்டீன் பலகாரம் எதுவும் தொடக் கூடாதுன்னுட்டாங்க. பசி தாங்கலை” என்றாள். ஹால் முழுக்கக் கேட்டது. அதுவரை என்னைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாத விஷயம்.

சூப்பர்வைசர் குனிந்து ஒரு தோலை எடுத்துப் பார்த்தார். பிறகு, “ஏம்மா, அதுக்கு அவிச்சுக் கொண்டாரக் கூடாதா? சத்தமும் வராது, தோலும் பறக்காது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிலிருந்து அவித்த கடலைதான். அலங்காநல்லூர்ப் பக்கம் என் சித்தப்பாவுக்குக் கடலைக் காடு இருந்தது. அறுவடை முடிந்ததும் ஒரு சாக்கு வந்து இறங்கியது. வேலை முடிந்ததும் பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனோம். கீழமாசி வீதியின் மிளகாய் வத்தல் நெடியில் மாறி மாறித் தும்மிக்கொண்டு, எதிரே வரும் கைவண்டிக்கு ஒதுங்கி, வாய் ஓயாமல் பேசிக்கொண்டு போவோம். எனக்கு இறுக்கமாக இருந்த ரவிக்கையெல்லாம் தளர்ந்தது. அந்த நடை இன்னும் கொஞ்சம் நீண்டால் என்ன என்று இருக்கும்.

பிறகு அவளுக்கு வரன் வந்தது. மாப்பிள்ளைக்குச் சேலத்தில் நூல் கடை. சுகரைப் பற்றி வாயைத் திறக்கவே கூடாது என்று அவளுடைய அம்மா சத்தியம் வாங்காத குறை. அவளுக்கு அது சில நாள் உறுத்திக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு மத்தியானம், டூட்டி இல்லாத நேரத்தில், சாதாரண சந்தாதாரர் மாதிரி சேலத்தில் மாப்பிள்ளையின் நூல் கடைக்கு ஒரு கால் பதிவு செய்தாள். “நீயே போட்டுக் கொடுடி. வேற யாரும் வேணாம்” என்றாள்.

லைன் கிடைத்ததும் கொடுத்துவிட்டு என் ஹெட்செட்டைக் கழற்றி வைத்தேன். ஆனாலும் அவள் பக்கத்தில்தானே நிற்கிறாள். அவர்கள் பாஷையில் பேசினாள். ‘சுகர்’, ‘டாக்டர்’ இந்த இரண்டு வார்த்தைதான் எனக்குப் புரிந்தது. அப்புறம் கேட்டுக்கொண்டே இருந்தாள். போன் ஒயரை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள்.

வைத்ததும் கேட்டேன்.

“என்ன கலர்னு கேட்டாரு. பச்சைன்னேன். அவங்க அப்பாவுக்குச் செங்கல் கலராம். அவரே வீட்டுல சுத்திக்கிட்டு இருக்காரு, நீ எதுக்குப் பயப்படுறன்னாரு” என்றாள். “அம்புட்டுத்தான்டி சொன்னாரு.” சொல்லிவிட்டு அழுதாள்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. அதற்குள் குழாயில் நிறம் மாறுவதும் நின்றிருந்தது. டாக்டர் அதற்குச் சந்தோஷப்பட்டாலும் நடையை விடாதே என்று மிரட்டித்தான் அனுப்பினார். அவள் மாற்றல் வாங்கிக்கொண்டு சேலம் எக்ஸ்சேஞ்சுக்குப் போனாள். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு சர்க்கரை திரும்ப வந்து மாத்திரையும் வந்தது. இருந்தாலும் பெரிதாக ஒன்றும் படுத்தவில்லை.

அவள் போன புதிதில், சேலம் லைன் கேட்டு யாராவது பதிவு செய்தால் அந்தப் பதிவுச் சீட்டை நான்தான் முந்திக்கொண்டு எடுப்பேன். சில நாள் எதிர்முனையில் அவள் குரலே வரும். கேட்டவருக்கு லைன் கொடுப்பதற்கு முன்னால், “சாப்பிட்டியாடி?” என்பாள். “ஆச்சு, நீ?” என்பேன். அவ்வளவுக்குத்தான் நேரம் இருக்கும்.